ஆளுக்கொரு திசையில் வேலையா? ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு ஏர்வாடிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், வீட்டுக்காரருக்கு மண்டபத்தில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மூன்று வீடு பார்த்துவிட்டோம், மூன்றாவதுதான் நிலைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு முடிந்து புதிதாக வந்து சேருகிறவர்கள் "டீச்சர், எந்த ஊர்ல வீடு பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே முக்கால்வாசிப் பேர் எங்கேயோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், அப்புறம் பஸ்ஸை விசாரிப்பதுதான் எல்லோரும் செய்வது. வீடு பார்ப்பது இங்கே ஆறாவது வேலை.

1. முதலில் இரண்டு பேருடைய நாளையும் எழுதுங்கள்

இரண்டு வாரம் லாட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒட்டிக்கொள்ள முடிந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் ஆளுக்கு நான்கு நேரம் எழுதுங்கள்: வாசல்படி தாண்டிய நேரம், வேலை இடத்துக்குள் கால் வைத்த நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம், திரும்ப வந்து செருப்பைக் கழற்றிய நேரம். பஸ் ஓடுகிற நேரத்தை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் பாதி நேரம் பஸ் ஸ்டாப்பில்தான் போகிறது.

அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. பத்து நிமிஷம் தாமதமானால் என்ன ஆகும்? எனக்குக் காலை வழிபாட்டுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவர் அரை மணி நேரம் முன்னே பின்னே போனாலும் சாயங்காலம் உட்கார்ந்து ஈடு கட்டிவிடலாம். ஆனால் லோடு ஏறுகிற நாளில் ராத்திரி ஒன்பது, பத்துகூட ஆகும். நர்ஸ் வேலை என்றால் ஷிஃப்ட் வாரியாகத் தனித்தனியாக எழுத வேண்டும். காலை ஷிஃப்டுக்குச் சரியாக இருக்கிற வீடு ராத்திரி ஷிஃப்டுக்கு ஆகவே ஆகாமல் போகலாம்.

வீட்டில் எத்தனை வண்டி, இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கிறதா, இரண்டு வருஷத்துக்குள் யாருக்காவது மாறுதல் வருமா, இதையெல்லாம் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

2. ரோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள்

மேப்பில் இரண்டு வேலை இடத்துக்கும் நடுவில் விரலை வைத்து "இங்கே பார்க்கலாம்" என்று முடிவு செய்கிற பழக்கம் மற்ற ஊர்களில் பலிக்கலாம். இங்கே பலிக்காது.

ராமநாதபுரத்திலிருந்து நான்கு பெரிய ரோடுகள் பிரிகின்றன. கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம், சுமார் 55 கிலோமீட்டர். தென்மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. கீழக்கரை 17, ஏர்வாடி 27 கிலோமீட்டர் வரும். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. மேற்கே பரமக்குடி, மதுரை. ஒரு ரோட்டிலிருந்து இன்னொரு ரோட்டுக்குக் குறுக்கே தாண்ட உள்ரோடுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பஸ்ஸை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் தீவு, அங்கே போக வர ஒரே ரோட்டுப் பாலம்.

ஆக, இரண்டு பேருடைய வேலை இடமும் ஒரே ரோட்டில் இருக்கிறதா, வேறு வேறு ரோட்டில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே ரோடு என்றால், உதாரணமாக ஒருவருக்குப் பரமக்குடி, இன்னொருவருக்கு மண்டபம் என்றால், மேற்கு ரோடும் கிழக்கு ரோடும் சேர்ந்து மதுரை ராமேஸ்வரம் என்று ஒரே ரோடாகப் போவதால், பாடு கொஞ்சம் குறைவு. பஸ்ஸும் உண்டு, மதுரை ராமேஸ்வரம் ரயில் பாதையும் அதே வழியில் போகிறது. நடுவில் எந்த ஊரிலும் வீடு பார்க்கலாம். வேறு வேறு ரோடு என்றால் நடு என்பது பெரும்பாலும் ராமநாதபுரம்தான், மேப் என்ன சொன்னாலும் சரி.

இதை நான் தெரிந்துகொண்டது இரண்டாவது வீட்டில். ஏர்வாடிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலோரமாகவே கோடு போட்டால் பெரியபட்டினம் பக்கம் வரும். அங்கே ஓர் ஊரில் நல்ல காற்றோட்டமான வீடு, வாடகையும் குறைவு, வாசலில் வேப்பமரம். இரண்டு பேருக்கும் கிலோமீட்டர் கணக்கில் பங்கு சரிசமம், அதில் எனக்குப் பெருமை வேறு. போன மூன்றாவது வாரம் வண்டி பஞ்சராகி நின்றது. அவர் வேறு வழியில்லாமல் உச்சிப்புளி ரோட்டுக்குப் போகிற மீன் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெரியம்மா, "அந்த பஸ்ஸு போயிருச்சே ஆத்தா, இனிமே மத்தியானந்தான்" என்றார். அன்றைக்கு அரை நாள் விடுப்பு. அந்த வீட்டில் இருந்த பதினாலு மாதத்தில் எத்தனை அரை நாள் போனது என்று எண்ண எனக்கே மனசு வரவில்லை.

3. பஸ் குறைவான ரூட் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

யாருடைய ரூட்டில் பஸ் குறைவோ அவருக்குப் பக்கமாக வீடு அமைய வேண்டும். அடிக்கடி பஸ் ஓடுகிற ரூட்காரர் கூடுதல் தூரத்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்கிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். "அவருக்கு 37 கிலோமீட்டர், உனக்கு அதைவிடக் குறைவா?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் ராமேஸ்வரம் ரோடு கோயிலுக்கு வருகிற கூட்டத்தால் ஓடுகிற ரோடு. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும், ராத்திரியிலும் ஏதாவது கிடைக்கும். ஏர்வாடியைத் தாண்டி உள்ளே இருக்கிற பள்ளிக்கு எனக்கு ஒன்றை விட்டால் அன்றைய காலை போச்சு. 37 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து போவதைவிட, வராத பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்பதுதான் ஆளைக் கொல்லும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? டைம் டேபிளைப் பார்க்காதீர்கள். ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். காலையில் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் எத்தனை பஸ்? சாயங்காலம் கடைசி பஸ் எப்போது, ஞாயிற்றுக்கிழமையும் அது உண்டா? எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டாப்பில் நிற்குமா, அல்லது கண்டக்டர் "நிக்காது, ஏறாதே" என்பாரா? மூன்றாவதைக் கேட்காமல் ஏமாந்தவர்கள்தான் அதிகம். கண்ணெதிரே பத்து பஸ் போகும், உங்களுக்கு நிற்பது இரண்டு.

ரயிலைக் கணக்கில் சேர்க்கலாம், ரயிலை மட்டுமே நம்பி வீடு பார்க்கக் கூடாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சீசன் டிக்கெட் கணக்குப் போட்டு வீடு எடுத்திருந்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் தொங்கினார்கள். இப்போதும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள்.

4. டவுனில் எந்தப் பக்கம்?

"ராமநாதபுரம் டவுன்லதான் வீடு" என்று முடிவான உடனே வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடுத்த தவறு. டவுன் சின்னதுதான், ஆனால் காலை எட்டே கால் மணிக்கு அரண்மனைப் பக்கமும் கேணிக்கரையும் எப்படி இருக்கும் என்பதை ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். பள்ளி வேன், ஆட்டோ, மதுரை பஸ் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும். டவுனை ஊடுருவிக் கடக்கவே ஒரு கால் மணி நேரம் போய்விடும்.

ராமேஸ்வரம் ரோட்டில் போகிறவருக்கும் தேவிபட்டினம், தொண்டி போகிறவருக்கும் பாரதி நகர், பட்டினம்காத்தான் பக்கம் வசதி. கலெக்டர் ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையும் அங்கேதான் சேருகிறது. கீழக்கரை, ஏர்வாடி போகிறவருக்கு சக்கரக்கோட்டைப் பக்கம். பரமக்குடி போகிறவருக்கு டவுனின் மேற்கு எல்லை. மூன்றாவது பகுதியில் சொன்ன கணக்குதான் இங்கேயும்: பஸ் குறைவானவர் எந்த ரோட்டில் போகிறாரோ அந்த ரோட்டின் வாசலில் வீடு. நாங்கள் கீழக்கரை ரோட்டுப் பக்கம் எடுத்தோம். அவர் காலையில் வண்டியில் பாரதி நகர் போய், தெரிந்த கடை வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுவார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், ஹாரன் சத்தத்தில் தூக்கம் வந்தால்.

5. ஒத்திகை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

பேட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகு, வீடு பார்க்கும் முன்னால், இரண்டு பேரும் அங்கிருந்து கிளம்புகிற மாதிரி கிளம்பி வேலைக்குப் போய் வாருங்கள். ஒரு திங்கட்கிழமையும் ஒரு வெள்ளிக்கிழமையும் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் போய்ப் பார்த்துவிட்டு "நாற்பது நிமிஷம்தாங்க" என்று சொன்ன ஒரு தம்பதி இப்போது வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டியில் போகிறவர்கள் இரண்டு விஷயத்தை உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது வெயில். ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்குக் காலையில் போனால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். சாயங்காலம் திரும்பினால் மேற்கே இறங்குகிற சூரியன் மறுபடி முகத்தில். மண்டபத்தில் குடியிருந்து ராமநாதபுரம் போகிறவருக்கு இரண்டு வேளையும் முதுகில்தான். தூரம் ஒன்றுதான், ஆனால் முகத்தில் வாங்குகிறவருக்கு வீடு வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கும். என் கணவர் வண்டியை விட்டு பஸ்ஸுக்கு மாறியதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இரண்டாவது காற்று. வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எடுத்தால் மண்டபம் ரோட்டில் மணல் அறையும், பாம்பன் ரோட்டுப் பாலத்தில் சின்ன வண்டியைப் பிடித்து நிறுத்துவதே வேலை. பாலத்தில் கார்களை ஓரம் கட்டிக் கடலைப் பார்த்து நிற்கிற வெளியூர்க் கூட்டம் வேறு. பாலத்தைத் தினமும் தாண்ட வேண்டியவர் யாராக இருந்தாலும் எழுதிய நேரத்தோடு இருபது நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டரில் சில நாட்களைச் சிவப்பில் வட்டம் போட்டுவிடுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரம் ரோட்டில் வருகிற பஸ் எல்லாம் மதுரையிலேயே நிரம்பி வரும், உச்சிப்புளியில் நிற்கிறவருக்குப் படியில்கூட இடம் இருக்காது. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு சமயத்தில் என் ரூட் அப்படி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடிப் பக்கமும், அக்டோபர் கடைசியில் தேவர் குருபூஜைக்குப் பசும்பொன், கமுதிப் பக்கமும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். பரமக்குடி ராமநாதபுரம் ரோட்டை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது, ஆகவே அந்த வழியில் போகிறவர்கள் வேலை நடக்கும் காலத்துக்கும் சேர்த்து நேரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

6. இப்போது வீட்டைப் பாருங்கள், தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

ஹால் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அப்புறம். நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைப் பாருங்கள். குழாய் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டாம். கையோடு சோப்பு கொண்டு போய்க் கை கழுவிப் பாருங்கள், நுரை வராது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கொட்டையாகவே நிற்கும். அப்படியென்றால் குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும்: காவிரிக் குழாயில், அல்லது குடத்துக்கு இவ்வளவு என்று விற்கிற வண்டியில்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் முக்கியமான கேள்வி தண்ணீர் வருகிறதா என்பதில்லை, எத்தனை மணிக்கு வருகிறது என்பது. எங்கள் முதல் வீட்டில் காவிரித் தண்ணீர் காலை பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்கு நின்றுவிடும். இரண்டு பேரும் அப்போது ஆளுக்கொரு ஊரில். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் குடங்களையும் சேர்த்துப் பிடித்து வைத்தார், ஒரு மாதம். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? தரைக்குக் கீழே தொட்டி இருந்து, அதில் குழாய்த் தண்ணீர் தானாக விழுந்து, நிறைந்ததும் மிதவை வால்வு நிறுத்திவிட வேண்டும். அது இல்லாத வீடு, இரண்டு பேரும் வெளியே போகிற குடும்பத்துக்கு ஆகாது. வண்டித் தண்ணீர் என்றால் சாயங்காலம் ஆறுக்கு மேல் வருவாரா என்று அந்த அண்ணனிடமே கேளுங்கள், வீட்டு ஓனர் எல்லாவற்றுக்கும் "வருவாருங்க" என்றுதான் சொல்வார்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வண்டிக்குக் கூரை வேண்டும், உப்புக் காற்றில் செயின் இரண்டே மாதத்தில் செம்பழுப்பாகிவிடும். ஸ்டாப்பிலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா என்று ராத்திரி எட்டரைக்கு நடந்து பாருங்கள், ஏனென்றால் தாமதமாக வருகிறவர் அந்த நேரத்தில்தான் நடப்பார், சீமைக் கருவேலம் மண்டிய காலி மனை வழியில் இருந்தால் பாம்பும் வரும். மழைக்கு அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமா என்பதற்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற கறையே பதில் சொல்லும்.

7. வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள்

வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் தண்ணீர்ச் செலவையும் கூட்டி, அந்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 74 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 ஓடுகிற வண்டி, மாதம் 24 நாள் என்றால் பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய 4,000 ரூபாய். தூரத்தில் 1,500 ரூபாய் வாடகை குறைவு என்று போனவர்கள் இந்தக் கணக்கைப் போடவே இல்லை.

பெண்களுக்கு விடியல் பயணம் என்கிற இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். உங்கள் ரூட்டில் ஓடுவது டவுன் பஸ்ஸா, வெளியூர் பஸ்ஸா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். என் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு, சாயங்காலம் கீழக்கரையில் மாறினால் இலவசம். மாறுவதற்கு நாற்பது நிமிஷம் கூடுதல், அதனால் மாதக் கடைசியில்தான் அந்த ஞானம் வரும்.

8. பிள்ளை இருந்தால்

யாருடைய வேலை இடத்துக்கும் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். என் கூட வேலை பார்ப்பவர் மகளைத் தன்னோடு ஏர்வாடிப் பக்கம் அழைத்து வந்தார். அவருக்குத் தேர்தல் வேலை, பயிற்சி வகுப்பு என்று வேறு ஊர் போடும் நாளிலெல்லாம் பிள்ளைக்கும் லீவு. காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் சீக்கிரம் வந்து சேர முடியும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அவர்தான், தூரம் அதிகமானவர். காரணம் மேலே சொன்ன பஸ்தான்.

9. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, அதன்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டு நாங்கள் பட்டது போதும்: முதல் வீட்டைக் காலி செய்தபோது "வெள்ளையடிக்க" என்று அட்வான்ஸில் பாதி போனது. மாறுதல் வந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மோட்டார் பழுதானால் யார் செலவு, இந்த மூன்றும் வரிவரியாக அதில் இருக்கட்டும்.

10. குடி போன பிறகு மூன்று மாதம்

பெரிய பீரோ, மாடுலர் கிச்சன் எதுவும் உடனே வாங்காதீர்கள். ஐப்பசி மழை ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த மழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி பஸ் சுற்றிப்போனால் எவ்வளவு நேரமாகிறது என்பது அப்போதுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு அதே நோட்டில் நான்கு நேரத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒருவருடைய பக்கம் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், சண்டையாக முற்றுவதற்குள் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசிவிடலாம்.

அப்புறம் இரண்டு சாவி போதாது, மூன்று போடுங்கள். ஒரு நாள் அவர் சாவியை மண்டபத்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார், என்னுடையது ஏர்வாடியில் ஸ்டாஃப் ரூம் அலமாரியில். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் சாப்பாட்டுப் பையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது சாவி இப்போது எதிர்வீட்டு அக்காவின் அரிசிப் பானையில் இருக்கிறது.